வால்வு ஒலிவாங்கியும் ஜாலஹள்ளியும்

பெங்களூர் நகரின் வடமேற்கே ஜாலஹள்ளி என்று ஓர் இடம் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது காயமுற்ற வீரர்களுக்கான ராணுவ மருத்துவமனைகள் அங்கே இருந்தன. நாடு விடுதலை பெற்ற பிறகு அதே நிலப்பரப்பில் இரண்டு பெரிய தொழிற்சாலைகள் எழுந்தன. 1953-ஆம் ஆண்டில் தோன்றிய இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் ஒன்று. 1954-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற பாரத் எலெக்ட்ரானிக்ஸ் மற்றொன்று. 1961-ஆம் ஆண்டு இவ்விரண்டிற்கும் மறக்கவொண்ணாத ஆண்டாகும். முன்னது அவ்வாண்டில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கிற்று. பின்னது வானொலிப் பெட்டிக்கு உயிர்நிலையான வால்வுகளைச் செய்யத் தொடங்கிற்று. கடிகாரத்தைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். திருமணத்திற்கு மாமனார் வீட்டார் கொடுத்த எச்.எம்.டி. கடிகாரத்தைப் பற்றிப் பேசாத குடும்பம் தென்னாட்டில் அரிது. வால்வைப் பற்றிப் பேசுவோரைத்தான் காணோம்.

வயிற்றுப் பிழைப்புக்காகத் தமிழகத்தை விட்டு இந்நகருக்கு வந்தவர்களில் நாமும் ஒருவர். மத்திய அரசாங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு உத்தியோகம். ஒரு நாள், ஒலிப்பதிவுக் கூடங்களுக்குரிய சாதனங்களைப் பற்றிய குறிப்பு ஒன்று நம் மேசைக்கு வந்தது. அதில், “அறுபது ஆண்டுகளுக்கு முன் வழக்கொழிந்த வால்வு ஒலிவாங்கியின் புதிய பதிப்பு” என்று பொருள்படும் ஒரு தொடர் காணப்பட்டது. புத்தகத்திற்குப் புதிய பதிப்பு உண்டு. ஒலிவாங்கிக்குப் புதிய பதிப்பா என்று திகைத்தோம். அதைவிடப் பெரிய திகைப்பு, வால்வு என்ற சொல்லில் இருந்தது. கலைச்சொல் அகராதி ஒன்று அதற்கு “ஓரதர்” என்ற அழகிய சொல்லைத் தந்தது. ஒரு வழியாக மட்டும் செல்லவிடுவது என்பது அதன் பொருள். தண்ணீர்க் குழாயின் வால்வுக்கும் இதயத்தின் வால்வுக்கும் அது பொருந்தும். வானொலி வால்வுக்கும் ஒருவாறு பொருந்தும். ஆனால் ஜாலஹள்ளியில் அதைக் கையால் செய்த தமிழர்கள் எவரும் அதை ஓரதர் என்று அழைத்ததில்லை. ஆகவே இங்கே நாமும் வால்வு என்றே எழுதுகிறோம்.

அந்தக் குறிப்பு நம்மை விடவில்லை. அதன் வழியே சென்று நாம் அறிந்தவற்றை நேயர்களுடன் பகிர்ந்து கொள்ள விரும்புகிறோம்.

மனிதக் குரல் காற்றில் எழுப்பும் அசைவை மின்சாரத்தின் அசைவாக மாற்றுவதே ஒலிவாங்கியின் வேலை. மிகப் பழைய முறை, கரித்துகள் முறை. மெல்லிய தகட்டின் பின்னே கரித்துகள்களை நிரப்பி, அதன் வழியே மின்சாரத்தைச் செலுத்துவார்கள். பேசும்போது தகடு துகள்களை நெருக்கும், தளர்த்தும்; மின்சாரமும் அதற்கேற்பக் கூடும், குறையும். பழைய தொலைபேசிகளின் வாய்ப்புறத்தில் இருந்தது இதுவே. 1948-ஆம் ஆண்டில் பெங்களூரில் தொடங்கிய இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலையைச் சுற்றி எழுந்த குடியிருப்புக்குத் தூரவாணி நகர் என்று பெயர் வைத்தார்கள். இந்நகரில் வாணிக்குப் பஞ்சமில்லை. 1935-ஆம் ஆண்டில் மைசூரில் மனோதத்துவப் பேராசிரியர் கோபாலஸ்வாமி தம் வீட்டிலிருந்து நடத்திய சிறு ஒலிபரப்பு நிலையம் ஆகாசவாணி என்ற பெயரைத் தாங்கியது. அந்தப் பெயரே பின்னர் நாடு முழுவதற்கும் உரியதாயிற்று. மைசூர் நிலையம் 1955-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் பெங்களூருக்கு வந்து சேர்ந்தது.

கரித்துகள் ஒலிவாங்கி பேச்சுக்குப் போதும், சங்கீதத்திற்குப் போதாது. அதன் ஊடே எப்பொழுதும் ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டிருக்கும். அமெரிக்காவில் பெல் தொலைபேசி ஆராய்ச்சியாளர்களுள் ஒருவரான வென்ட் என்பவர் 1916-ஆம் ஆண்டில் வேறொரு வழியைக் கண்டார். இறுக்கமாக இழுத்துக் கட்டிய ஒரு மெல்லிய தகடு. அதன் பின்னால், மயிரிழை இடைவெளி விட்டு, அசையாத வேறொரு தகடு. இவ்விரண்டிற்கும் இடையே மின்னூட்டம் ஏற்றி வைத்தால், முன்தகடு அசையும்போதெல்லாம் மின்னழுத்தம் மாறும். இதற்கு மின்தேக்கி ஒலிவாங்கி என்று பெயர். குரலின் நுட்பங்களை இதைப் போல் வாங்கிக்கொள்ளும் கருவி அந்நாளில் வேறில்லை.

ஆனால் இதில் ஒரு சங்கடம் இருந்தது. இது தரும் மின்சாரம் மிகமிக நலிந்தது. ஒரு முழ நீளக் கம்பியில் செலுத்தினாலே வழியில் தேய்ந்துவிடும். ஆகவே அதைப் பெருக்கித் தரும் வால்வு, ஒலிவாங்கியின் வயிற்றுக்குள்ளேயே இருந்தாக வேண்டும். தாய்க்கும் சேய்க்கும் இடையே தூரம் கூடாது என்பது போல, சவ்வுக்கும் வால்வுக்கும் இடையே தூரம் கூடாது. பழைய மின்தேக்கி ஒலிவாங்கிகள் ஏன் பெரிய குப்பிகளைப் போல் இருந்தன என்பதற்கு இதுவே காரணம்.

இன்னொரு சங்கடமும் உண்டு. அது நம் நாட்டுக்கே உரியது. ஈரக்காற்று பட்டால் மின்தேக்கி ஒலிவாங்கியின் மின்காப்புக் கெட்டு, பொரிகடலை வறுப்பது போன்ற ஓசை எழும். மழைக்காலத்தில் சென்னையிலும் கொச்சியிலும் என்ன பாடு படுத்தியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்! ஆகவே நம் வானொலி நிலையங்களில் வேறொரு வகையே நெடுங்காலம் பெருமையுடன் விளங்கிற்று. வலிய காந்தத்தின் இரு முனைகளுக்கிடையே மெல்லிய அலுமினிய நாடா ஒன்றைத் தொங்கவிட்ட ரிப்பன் ஒலிவாங்கி அது. பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகமும் மார்க்கோனி கம்பெனியும் சேர்ந்து 1934-ஆம் ஆண்டு முதல் அதைச் செய்து வந்தன. அதன் வயிற்றில் வால்வு கிடையாது. நம் நிலையங்களின் பழைய புகைப்படங்களில் வித்துவான்களின் முன்னே கனத்த பெட்டியைப் போல் நிற்பவை பெரும்பாலும் இந்த இனத்தவை.

இனி ஜெர்மனிக்குச் செல்வோம். கியோர்க் நாய்மன் என்பவர் 1928-ஆம் ஆண்டில் பெர்லினில் ஒரு சிறு தொழிலகம் தொடங்கி, மின்தேக்கி ஒலிவாங்கியை விற்பனைச் சரக்காக்கினார். உலோகத் தகட்டுக்குப் பதிலாக, பொன்முலாம் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் சவ்வைப் பயன்படுத்திய ஓர் ஒலியுறுப்பை அவர் உருவாக்கினார். எம் 7 என்பது அதன் பெயர். தலைமயிரின் பருமனில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே அந்தச் சவ்வின் பருமன் என்றால், அதை இழுத்துக் கட்டிய கைகளின் நிதானம் எத்தகையது என்பது விளங்கும். போரில் 1943-ஆம் ஆண்டு பெர்லின் தொழிலகம் குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று. தொழிலகம் துரிங்கியா மாநிலத்திலுள்ள கெபெல் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. போர் முடிந்ததும் ஜெர்மனி இரு துண்டாயிற்று. கெபெல் ருஷியர் வசம் போய்விட்டது. நாய்மன் மேற்கு பெர்லினில் மீண்டும் ஒரு தொழிலகம் கண்டார். ஒரே குடும்பம் எல்லைக்கோட்டின் இரு பக்கமும் பிரிந்து வாழ்வது போல, ஒரே கைத்தொழில் இரண்டு இடங்களில் வளர்ந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு நேயர்களை வேண்டுகிறோம், பின்னால் பயன்படும்.

1949-ஆம் ஆண்டில் பெர்லினிலிருந்து யூ 47 என்ற ஒலிவாங்கி வெளிவந்தது. டெலிபுங்கன் கம்பெனி அதைத் தன் பெயரிலும் உலகெங்கும் விற்றது. அமெரிக்காவில் பிராங்க் சினாட்ராவின் குரலையும், 1960-களில் லண்டன் ஆபி ரோடு கூடத்தில் பீட்டில்ஸ் குழுவினரின் குரலையும் வாங்கிய இனம் இதுவே. இதன் வயிற்றில் இருந்த வால்வுக்கு வி.எப். 14 என்று பெயர்.

இந்தப் பெயரைக் கண்டவுடன் மொழிபெயர்ப்பாளனின் புத்தி சும்மா இருக்குமா? ஐரோப்பிய வால்வுகளின் பெயர்களுக்கு ஓர் இலக்கணம் உண்டு. பகுதி, விகுதி என்று பிரித்துப் பொருள் காண்பது போல, இவற்றையும் பிரித்துப் பொருள் காணலாம். முதல் எழுத்து, உள்ளே இருக்கும் சூடேற்றி எத்தகைய மின்சாரத்தில் எரியும் என்பதைக் குறிக்கும். வி என்றால் 50 மில்லி ஆம்பியர். ஈ என்றால் 6.3 வோல்ட். அடுத்த எழுத்து உறுப்புகளின் தொகையைச் சொல்லும். சி என்றால் மூன்று முனை. எப் என்றால் ஐந்து முனை. ஈ.சி.சி. 83 என்றால், 6.3 வோல்ட்டில் எரியும், மும்முனை இரட்டை வால்வு. நன்னூல் படித்தவர்களுக்கு இது ஒரு பாடமாகவே தோன்றாது.

வி.எப். 14 இரும்பு உடல் கொண்டது. வீட்டு வானொலிப் பெட்டிகளுக்காகப் பிறந்தது; ஒலிவாங்கிக்காகப் பிறந்ததன்று. நாய்மன் அதைத் தேர்ந்ததற்குக் காரணம், சூடேற்றிக்கும் மற்ற உறுப்புகளுக்கும் சேர்த்து 105 வோல்ட் என்ற ஒரே மின்னழுத்தம் போதும் என்ற சிக்கனமே. சூடேற்றிக்கு 55 வோல்ட் வேண்டும் என்று கம்பெனியார் குறித்திருக்க, அவர் ஏறத்தாழ 36 வோல்ட் மட்டுமே கொடுத்தார். அரைப் பட்டினி போட்டால் வால்வு அமைதியாக இருந்தது, இரைச்சல் குறைந்தது. எஞ்சிய மின்னழுத்தத்தைத் தின்ற மின்தடை, ஒலிவாங்கிக்குள்ளேயே இருந்து அதன் உடலை இளஞ்சூடாக்கிற்று. அப்படியும் எல்லா வி.எப். 14-களும் தகுதி பெறவில்லை. சோதித்துப் பார்த்து, மூன்றில் ஒன்றளவே தேறியவற்றிற்கு எம் என்ற முத்திரையிட்டு வைத்துக்கொண்டார்கள். 1950-களின் பிற்பகுதியில் இந்த வால்வின் உற்பத்தியே நின்றுபோயிற்று. இருப்பில் இருந்தவற்றைக் கொண்டு சில ஆண்டுகள் ஓட்டிப் பார்த்தார்கள். 1965-ஆம் ஆண்டில் யூ 47 விடைபெற்றது.

இதற்கு உடன்பிறப்புகள் சில உண்டு. வடமேற்கு ஜெர்மன் வானொலியின் ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து நாய்மன் 1951-ஆம் ஆண்டில் வெளியிட்ட எம் 49, வியன்னாவில் ஏ.கே.ஜி. கம்பெனி 1953-ஆம் ஆண்டில் செய்த சி 12. அதே கம்பெனி டெலிபுங்கனுக்காகச் செய்து கொடுத்த ஈலா எம் 251. 1960-ஆம் ஆண்டில் வந்த யூ 67. பெயர்ப்பட்டியலை இத்துடன் நிறுத்துகிறோம். இவற்றுள் எம் 49 நம் போன்ற வானொலி அபிமானிகளுக்கு நெருக்கமானது. எந்தத் திசையிலிருந்து வரும் ஓசையை எவ்வளவு வாங்குவது என்பதை, ஒலிவாங்கியைத் தொடாமலே, தொலைவிலிருந்து திருகி மாற்றும் வசதியை முதலில் பெற்றது அதுதான்.

பிறகு டிரான்சிஸ்டர் வந்தது. சூடேற்ற வேண்டியதில்லை, தனிப்பெட்டியில் மின்சாரம் கொண்டுவர வேண்டியதில்லை. 1966-ஆம் ஆண்டில் நார்வே நாட்டு வானொலிக்காக நாய்மன் கம்பெனி, ஒலியைக் கொண்டுபோகும் கம்பியிலேயே 48 வோல்ட் மின்சாரத்தையும் அனுப்பும் முறையை ஏற்படுத்திற்று. அந்நாட்டு நிலையத்தில் அவசர விளக்குகளுக்கென்று 48 வோல்ட் மின்சாரம் முன்னமே இருந்ததாம். அதுவே உலகத்தின் அளவாகிவிட்டது. வால்வு ஒலிவாங்கிகள் பரணுக்குப் போயின. சில கூடங்களில் அவற்றை அடிமாட்டு விலைக்கு விற்றார்கள்.

கழித்துப் போட்டதை மீண்டும் தேடுவது மனித இயல்பு. பதிவுக்கலை கணிப்பொறியின் கைக்குள் வந்த பிறகு, குரல் துல்லியமாக இருக்கிறது, ஆனால் வறண்டிருக்கிறது என்ற குறை எழுந்தது. பழைய இசைத்தட்டுகளில் கேட்ட செழுமை எங்கே என்று தேடியவர்கள் பழைய வால்வு ஒலிவாங்கியைச் சுட்டினார்கள். வால்வு, தாங்க முடியாத அளவு உரத்த ஓசை வரும்போது வெடுக்கென்று முறியாமல் மெல்ல வளைந்து கொடுக்கிறது என்பது உண்மை. அந்த வளைவில், பாடும் சுருதிக்கு ஓர் ஸ்தாயி மேலே ஒரு மெல்லிய நிழல் சேர்கிறது. காதுக்கு அது இனிமையாகப் படுகிறது. ஆயினும் புகழ் முழுவதையும் வால்வுக்கே கொடுப்பது நியாயமன்று என்பது நம் கருத்து. ஒலியின் குணத்தில் பெரும்பங்கு சவ்வுக்கும், அதன் பின்தகட்டுக்கும், அவற்றைச் சுற்றிய கம்பிவலைக் கூண்டுக்கும் உரியது. நாதஸ்வரத்தில் சீவாளியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அனைசுப் பகுதியை மறந்துவிடுவதுண்டு அல்லவா? அது போன்றதுதான் இதுவும்.

பின்தகட்டைப் பற்றி ஒரு சொல். சவ்வுக்குப் பின்னுள்ள அத்தகட்டில் சிறு துளைகள் பல இடப்பட்டிருக்கும். சவ்வு அசையும்போது அங்குள்ள காற்று எங்கே ஒதுங்குவது, எவ்வளவு தாமதமாக ஒதுங்குவது என்பதை அத்துளைகளே தீர்மானிக்கின்றன. துளையின் ஆழம் சற்றுப் பிழைத்தாலும் குரல் மூக்கால் பேசுவது போல் ஆகிவிடும்.

இதைப் படித்தபோது நமக்கு மிருதங்கத்தின் நினைவு வந்தது. திருச்சிராப்பள்ளியில் பிறந்து பெங்களூரில் வாழ்ந்து மறைந்த சர் சி. வி. ராமன், 1933-ஆம் ஆண்டில் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநராக இந்நகருக்கு வந்தார். அடுத்த ஆண்டே, 1934-இல், இந்திய முழவுகளைப் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரையை வெளியிட்டார். சாதாரணத் தோற்கருவியின் ஓசையில் சுருதி சேராது, மிருதங்கம் மட்டும் சுருதி சேர்ந்து பேசுகிறது, ஏன்? வலந்தலையின் நடுவே கரணை என்றும் சோறு என்றும் சொல்லப்படும் கரிய பூச்சை ஏற்றியிருப்பதால்தான் என்று, தோலின் மேல் நுண்மணலைத் தூவி, அது ஒதுங்கும் கோலங்களைக் காட்டி அவர் விளக்கினார். ஒரு சவ்வை எங்கே கனமாக்குவது, எங்கே இழுப்பது, எங்கே காற்றுக்கு வழிவிடுவது என்ற கணக்கை நம் மிருதங்கம் செய்வோர் பரம்பரை பரம்பரையாகக் கையிலேயே வைத்திருந்தார்கள். பெர்லினில் அதே கணக்கு வேறு சவ்வில் நடந்தது. மிருதங்கத்தின் அளவைப் பார்த்து மற்றொரு மிருதங்கம் செய்துவிட முடியாது என்பது செய்வோருக்குத் தெரியும். ஒலிவாங்கியைப் படியெடுக்கப் புகுந்தவர்களும் இதையே கண்டார்கள்.

படியெடுப்பவர்களுக்கு மூன்று இடங்களில் முட்டுக்கட்டை. முதலாவது சவ்வு. பழைய எம் 7-இன் பிளாஸ்டிக் காலப்போக்கில் காய்ந்து வெடிக்கும். ஆகவே இன்று நம் கைக்கு வரும் பழைய யூ 47-களில் எது பிறந்தபோது பேசிய குரலில் பேசுகிறது, எது முதுமையின் குரலில் பேசுகிறது என்று சொல்வது எளிதன்று. எதைப் பார்த்துப் படியெடுப்பது? இங்கேதான் கெபெல் நினைவுக்கு வர வேண்டும். பெர்லின் தொழிலகம் பிற்காலத்தில் பாலியெஸ்டர் சவ்வுக்கு மாறிவிட, எல்லைக்கு அப்பால் சிக்கிய கெபெல் தொழிலகம் பழைய எம் 7 முறையை விடாமல் வைத்திருந்தது. ஜெர்மனி மீண்டும் ஒன்றான பிறகு அதன் அருமை வெளியுலகுக்குத் தெரிந்தது. ஊரை விட்டுப் போனவர்களிடம் ஊர் மறந்த வழக்கு தங்கியிருப்பதை நாம் நம் மக்களிடமே காண்கிறோம். சிவாஜிநகரிலும் அலசூரிலும் பல தலைமுறையாக வாழும் நம்மவர் வீடுகளில், வட ஆர்க்காட்டில் இன்று அரிதாகிவிட்ட சொற்கள் அன்றாடம் புழங்குகின்றன.

இரண்டாவது, ஒலியை வெளியே அனுப்பும் மின்மாற்றி. இரும்புத் தகடுகளின் கலவையையும் கம்பி சுற்றிய ஒழுங்கையும் கண்டுபிடிக்கப் பழைய மின்மாற்றியை அடுக்கடுக்காகப் பிரித்தவர்கள் உண்டு. ஆனால் இது பொறுமையால் வெல்லக்கூடிய சங்கடம்.

மூன்றாவதும் பெரிதுமானது வால்வு. வி.எப். 14-ஐ இன்று உலகில் எவரும் முன்போல் செய்வதில்லை. சிலர் அதே குடும்பத்து ஈ.எப். 14-ஐப் பயன்படுத்துகிறார்கள். உள்ளுறுப்பு ஒன்றே, சூடேற்றி மட்டும் வேறு, மேலே சொன்ன இலக்கணப்படி முதலெழுத்து மட்டும் திரிந்திருக்கிறது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 2001-ஆம் ஆண்டு தொடங்கிய நிறுவனம் ஒன்று, டெலிபுங்கன் என்ற பழம்பெயரைத் தாங்கி யூ 47, ஈலா எம் 251 ஆகியவற்றின் மறுபடைப்புகளைச் செய்கிறது. ஸ்லோவாகியாவிலும் ஒரு சிறு தொழிலகம் இப்பணியில் பெயர் பெற்றிருக்கிறது. நாய்மன் கம்பெனியே 2018-ஆம் ஆண்டில் யூ 67-ஐயும், 2022-ஆம் ஆண்டில் எம் 49-ஐயும் மறுபடி வெளியிட்டது. இதில் ஒரு வேடிக்கை: தாய்க் கம்பெனி வெளியிட்ட இரண்டிலும் வி.எப். 14 இல்லை. யூ 67-இன் வால்வான ஈ.எப். 86 இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. எம் 49-க்கு இக்காலத்துச் சிறு வால்வு ஒன்றைப் பொருத்தினார்கள். மிகப் புகழ் பெற்ற யூ 47-ஐ அதன் வால்வோடு மீட்பது அதைப் பெற்றெடுத்தவர்களாலும் ஆகாத காரியமாயிற்று.

விலையைக் கேட்டால் நம் போன்ற சம்பளக்காரர்களுக்கு மூச்சு நின்றுவிடும். மறுபடைப்புகளே பல லட்சம் ரூபாய். பழைய அசல் அதற்கும் மேலே. விலை ஏறினால் போலி வரும். பழைய வால்வில் எம் முத்திரையைப் புதிதாகக் குத்தி விற்போர் தோன்றுவதில் வியப்பில்லை.

இப்போது ஜாலஹள்ளிக்குத் திரும்புவோம். வால்வு செய்வது எப்படிப்பட்ட வேலை? நடுவே வெள்ளைப் பூச்சிட்ட ஒரு சிறு குழல். சூடேறினால் அதிலிருந்து மின்னணுக்கள் கிளம்பும். அதைச் சுற்றித் தலைமயிரினும் மெல்லிய கம்பியைச் சுற்றிய கம்பிச்சுருள். மின்னணுக்களின் ஓட்டத்தை அதுவே அடக்கும், விடுக்கும். அதற்கும் வெளியே, ஓடி வருவதை ஏற்றுக்கொள்ளும் தகடு. இவையெல்லாவற்றையும் அப்பிரகத் தகடுகளில் செருகி, கண்ணாடிக்குள் இறக்கி, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றி, வாயை உருக்கி மூட வேண்டும். எஞ்சிய வாயுவை விழுங்குவதற்காக உள்ளே பேரியம் உலோகத்தை ஆவியாக்குவார்கள். வால்வின் உச்சியில் வெள்ளிக் கண்ணாடி போல் மின்னுவது அதுதான். அது பால் போல வெளுத்துவிட்டால் காற்றுப் புகுந்துவிட்டது, வால்வு செத்துவிட்டது என்று பொருள்.

உலகெங்கும் இந்த வேலையின் நுண்பகுதி பெண்களின் கையில் இருந்தது. கம்பிச்சுருளுக்கும் குழலுக்கும் இடையே உள்ள தூரத்தை விரலால் உணர்ந்து செருக வேண்டியிருந்தபடியால், பூத்தொடுக்கும் விரல்களுக்கு அது இசைந்தது. ஜாலஹள்ளியிலும் அப்படியே. ஈ.சி.சி. 83, ஈ.எல். 84 போன்ற வால்வுகள் பாரத் என்ற முத்திரையுடன் வெளிவந்தன. 1964-ஆம் ஆண்டில் வானொலி நிலையங்களுக்கான ஒலிபரப்பிகளையும் அத்தொழிற்சாலை செய்யத் தொடங்கிற்று. திருச்சி நிலையத்தையோ இலங்கை வானொலியையோ இரவில் பெங்களூர் வீட்டில் திருகித் திருகித் தேடிய தமிழர் எத்தனையோ பேர். அவர்களுடைய பெட்டிக்குள் ஜாலஹள்ளியில் செய்த வால்வு எரிந்துகொண்டிருந்திருக்கக்கூடும். நம் இளமையில் வீட்டில் ஒரு வால்வுப் பெட்டி இருந்தது. திருகியவுடன் பேசாது, முதலில் பச்சை மாயக்கண் மெல்ல விரியும், பிறகு அடித் தொண்டையிலிருந்து வருவது போல் ஒரு முனகல், பிறகே செய்தி. தந்தையார் பொறுமையை அந்தப் பெட்டியிடம் கற்றுக்கொண்டாரா, பெட்டி அவரிடம் கற்றுக்கொண்டதா என்று நமக்கு இன்றுவரை விளங்கவில்லை.

காலத்தின் விளையாட்டைப் பாருங்கள். வால்வு உற்பத்தி தொடங்கியது 1961-இல். அதே தொழிற்சாலை ஜெர்மேனியம் குறைகடத்திகளைச் செய்யத் தொடங்கியது 1962-இல். குழந்தை தவழத் தொடங்குமுன்பே அதற்கு அடுத்த வாரிசு பிறந்துவிட்டது! நம் நாடு வால்வைக் கற்றுக்கொண்ட வேளையில் உலகம் அதைக் கைவிடத் தொடங்கியிருந்தது. இதை வீண்செலவு என்று சொல்வாரும் உண்டு. நாம் அப்படி நினைக்கவில்லை. வெற்றிடத்தை ஆளக் கற்ற கைகள்தாம் பிறகு அங்கே ஒலிபரப்பி வால்வுகளையும், தொலைக்காட்சிப் படக்குழல்களையும், எக்ஸ்ரே குழல்களையும் செய்தன.

வானொலிப் பெட்டிக்கான வால்வு இன்று அங்கே செய்யப்படுவதில்லை. உலகிலேயே ருஷியாவின் சராடோவ், ஸ்லோவாகியாவின் சாட்சா, சீனம் என்று சில இடங்களில் மட்டுமே அது பெருமளவில் உருவாகிறது. 2022-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ருஷியா ஏற்றுமதிக்குத் தடை விதித்தபோது, கிதார் வாசிப்போரும் ஒலிவாங்கி செய்வோரும் ஒருசேரக் கலங்கினார்கள். பெட்டிப் பெட்டியாகப் பழைய சரக்கைத் தேடினார்கள். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் மின்னணுப் பொருள் விற்கும் கடைகளின் பின்னறைகளிலும், சென்னை ரிச்சி தெருவிலும் காகித உறை கலையாத பாரத் வால்வுகள் தட்டுப்படுவதுண்டு. உள்ளூரில் அவற்றைக் கேட்போர் இல்லை. கடல் கடந்த நாடுகளில் விலை கொடுத்து வாங்குவோர் உண்டு.

ஒலிவாங்கி நம் சங்கீதத்தை என்ன செய்தது என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். மைக் இல்லாத காலத்தில் கிட்டப்பாவின் நாடகப் பாட்டைக் கடைசி வரிசையில் இருந்தோரும் கேட்டார்கள் என்றால், அது உச்ச ஸ்தாயியில் ஓங்கி ஒலித்த குரலின் வலிமையால். மைக் வந்த பிறகு பாடகர்கள் சுருதியைத் தாழ்த்திக்கொண்டார்கள். மெல்லிய கமகங்களும் மூச்சின் சாயலும் சபைக்குக் கேட்கலாயின. நாம் போற்றும் பழைய குரல்களில் பல, ஒரு குறிப்பிட்ட ஒலிவாங்கியின் முன் எப்படி நின்றால் எப்படிக் கேட்கும் என்று பழகிய குரல்கள். ஆகவே பழைய ஒலிவாங்கியைக் காப்பதும் செப்பனிடுவதும் பணக்காரர்களின் பொழுதுபோக்கு மட்டுமன்று. வானொலியின் பழைய நாடாக்களைக் கேட்டு ஒரு வித்துவானின் குரலை மதிப்பிடுபவன், அதில் எவ்வளவு குரல், எவ்வளவு கருவி என்று பிரித்தறிய வேண்டுமானால், அந்தக் கருவி ஒன்றாவது பேசும் நிலையில் இருக்க வேண்டும். மூலச் சுவடி கிடைக்காதபோது படியை வைத்துத்தான் பாடம் ஓதுகிறோம். ஆனால் படியெடுத்தவர் எங்கே தம் சொல்லைச் சேர்த்தார் என்பதைச் சொல்லிவிடுவது நேர்மை. மறுபடைப்பு ஒலிவாங்கிகளைச் செய்வோரில் சிலர், எந்த வால்வைப் போட்டிருக்கிறோம் என்பதை வெளிப்படையாகச் சொல்கிறார்கள். சிலர் மூடி மறைத்து, அசலே என்று சாதிக்கிறார்கள். முன்னவர்களிடம் நமக்கு மதிப்பு உண்டு.

நாம் குடியிருக்கும் தெருவில் முதிய அம்மையார் ஒருவர் இருக்கிறார். தமிழ்நாட்டிலிருந்து இளவயதில் இங்கு வந்து, வால்வுப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். எஸ்.பி. ரோட்டில் வாங்கிய ஒரு வால்வை, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “உச்சியில் வெள்ளி நன்றாக இருக்கிறது, காற்றுப் புகவில்லை” என்றார். பிறகு ஆள்காட்டி விரலின் நகத்தால் மெல்ல ஒரு தட்டுத் தட்டிக் காதருகே வைத்துக்கொண்டார். இன்றைக்கு வெளிநாட்டில் இதற்கு என்ன விலை தெரியுமா என்று சொன்னோம். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. “கம்பிச்சுருள் கொஞ்சம் ஆடுகிறது, தம்பி. பாட்டுக்கு ஆகாது, பேச்சுக்கு ஆகும். எங்கள் வரிசையாக இருந்தால் இதைக் கழித்துப் போட்டிருப்போம்” என்று சொல்லி வால்வைத் திருப்பிக் கொடுத்தார்.